பச்சை நூல் கத்தி தோலுரிந்த விவரம்

அன்பு மகள் அஃபீஃபாவுக்கு, காரைக்காலிலிருந்து உன் வாப்பா கமாலுதீன் சொல்லும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் நலம். நீயும் உன் ஆய்வுக்கூடத்து இயந்திரங்களும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். உம்மாவுக்கு முட்டிவலி தேவலை. என் நிலைமைதான் சரியில்லை. காரணம் கீழே வருகிறது.

நீ பூச்சுப் போட்டு அனுப்பிய இரண்டு கத்திகளும் எப்படி உழைத்தன என்று கைப்பட எழுதி அனுப்பச் சொன்னாய். அது வந்தால்தான் ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் முடியும், முடிந்தால்தான் பட்டம் என்றாய். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

பார்சலைப் பிரித்தால் இரண்டும் தங்கமாக மின்னின. ஒரே பூச்சு, ஒரே கனம், ஒரே நிறம், உள்ளே துகள்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும்தான் வேறு என்று நீ போனில் சொன்னதை உம்மாவுக்கு விளக்கினேன். சிவப்பு நூல் கட்டியதில் துகள்கள் விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி நெட்டுக்கு நிற்கும், நடுவே சந்து இருக்கும், உப்புத்தண்ணீர் அதில் இறங்கி உரித்துவிடும். பச்சை நூல் கட்டியதில் துகள்கள் பொடிப்பொடியாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், லேசில் விரிசல் ஓடாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு உம்மா, "தாரிக் துபாய்லேர்ந்து கொண்டாந்த கத்தி செட்டையே நான் இன்னும் அடுப்படியில வைக்கல. புள்ள கஷ்டப்பட்டு செஞ்சத மீன் செதில்ல போட்டுத் தேய்க்கப் போறீங்களா?" என்றாள். "தேய்ச்சுப் பாத்தாத்தான் அவ பாஸாவா" என்றேன். மறுநாள் காலை அவளே இரண்டு கத்தியையும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். உன் அண்ணன் தாரிக்கின் பரீட்சைக்குக்கூட அவள் இவ்வளவு ஒத்தாசை செய்து நான் பார்த்ததில்லை.

நேரே காரைக்கால்மேட்டுக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து அங்கேயே வெட்டிக் கொடுக்கும் காசியம்மாவிடம் கத்திகளைக் கொடுத்தேன். ஒவ்வொரு மீனிலும் ஒரு பக்கம் சிவப்பு நூல், மறுபக்கம் பச்சை நூல், கழுவுவது கடல் தண்ணீரில் என்று நீ சொன்னபடியே சொன்னேன். "ஒரு மீனுக்கு ரெண்டு கத்தியா பாய்? மீனுக்கென்ன கல்யாணமா?" என்றாலும் செய்தாள்.

முதல் கொடுவா மீனிலேயே பூச்சு பொறுக்குத் தட்டிக் கிளம்பிவிட்டது. சிவப்பு என்றால் பரவாயில்லை, கிளம்பியது பச்சை! அதற்குள் அந்த மீனை வாங்கிக்கொண்டு போன கோவில்பத்து வைத்திலிங்கம், மீன் வயிற்றில் தங்கத்துகள் இருந்ததாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் காசியம்மா முன்னால் கூட்டம். எல்லாருக்கும் கொடுவாதான் வேண்டும், அதுவும் அந்தக் கத்தியால் வெட்டினதுதான் வேண்டும். "கத்தியக் குடும்மா" என்றேன். "இப்பத்தான் யாவாரம் சூடு புடிச்சிருக்கு, போயிட்டு அடுத்த மாசம் வாங்க பாய்" என்றாள். வேறு வழியில்லாமல் அது தங்கமில்லை, என் மகள் போட்ட பூச்சு என்று கூட்டத்தில் உரக்கச் சொல்லிவிட்டேன். கூட்டம் கலைந்தது. கத்திகள் என் காலடியில் வந்து விழுந்தன. அன்றிலிருந்து காசியம்மா எனக்கு மீன் தருவதில்லை, பக்கத்தில் இருப்பவர்களையும் தரவிடுவதில்லை. நம் வீட்டில் தினமும் முட்டைக் குழம்புதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பச்சை மொட்டையாகவே ஆகிவிட்டது, சிவப்பில் பாதி மிச்சம். உண்மையைச் சொல்கிறேன் மகளே, நூலை மாற்றிக் கட்டிவிடலாமா என்று கை அதுவரை போய்விட்டது. பொய்யில் வாங்கிய பட்டம் உனக்கு பரக்கத்தாகாது என்று கையை இழுத்துக்கொண்டேன். அப்புறம் படுக்காமல் யோசித்தேன். துகள்களை ரொம்ப நெருக்கிவிட்டால் உள்ளுக்குள் இறுக்கம் ஏறி, பூச்சு தன்னாலேயே பிய்த்துக்கொண்டு கிளம்பும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதேதான் நடந்திருக்கிறது. நீ பச்சையை அளவுக்கு மீறி நெருக்கிவிட்டாய். கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுது. உன் வழிகாட்டி பாரதிப்ரியா மேடத்துக்கும் நேற்றே போன் போட்டு இதை விளக்கிவிட்டேன். வெகுநேரம் பேசாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள், நல்ல பொறுமை.

மனதைத் தளரவிடாதே. தோற்றது பூச்சுதான், என் மகள் இல்லை. ரப்பான அல்லாஹ் உன் கல்வியில் பரக்கத்தைக் கொட்டட்டும். உம்மாவும் ஸலாம் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் வாப்பா, கமாலுதீன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் இதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நேரே போய் பீரோவைத் திறந்தாள். உன் கத்திகள் இரண்டும் உன் கல்யாணப் பட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. காசியம்மாவிடம் போனது தாரிக்கின் துபாய் கத்திகள். அவையும் பொன்னிறம்தானாம், உன் கத்திகளிலிருந்து நூலை மட்டும் அவிழ்த்து அவற்றில் கட்டியிருக்கிறாள். எதிலிருந்து எந்த நூலை அவிழ்த்தாள் என்று இப்போது அவளுக்கு ஞாபகமில்லை. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. உன் மைக்ராஸ்கோப் சொன்னால்தான் உண்டு. திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் யாருக்காகவும் பீரோவை விட்டு வராத துபாய் சாமான் உனக்காக வந்ததை நினைத்ததும் திட்ட முடியவில்லை. பாரதிப்ரியா மேடத்திடம் நீயே பேசிவிடு. உம்மா இதையும் எழுதச் சொல்கிறாள்: "புள்ள போட்ட பூச்சு ரொம்ப கெட்டி, இன்னிவரைக்கும் ஒரு கீறல் இல்லன்னு எழுதுங்க."