பூஜ்ஜியம் ஆகாத பெட்டி

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுவதில்லை என்று பட்டறைக்காரர் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

சாதாரணப் பரணா அது? சிலந்திகள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்தும் இடம். ஒட்டடை அடிக்கச் சொல்லி ஆறு மாதமாக உத்தரவு.

அவருக்கு வேலை, பழைய சோடியம் பேட்டரிகளைப் பிரித்து உள்ளே இருப்பதை மறுபடி பயன்படுத்த அனுப்பும் பட்டறையில். பிரிக்கும் முன் மிச்சமிருக்கும் சார்ஜை ஒட்ட இறக்கிவிட வேண்டும். பூஜ்ஜியம் வரை இறக்கினாலும் சோடியம் கோபித்துக்கொள்ளாது. வீட்டம்மாவை அப்படி இறக்க முடியாது.

பட்டறையிலிருந்து ஒரு பேட்டரிப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அதில் ஒரு மின்விசிறியை மாட்டினார். எதிரே பாயை விரித்தார்.

“என்னங்க, பரண்?”

“டூட்டியில இருக்கேம்மா. இது ஜீரோ ஆகுற வரைக்கும் ஆள் பக்கத்துலயே இருக்கணும்.”

“உக்காந்து பாக்கலாமே?”

“மீட்டர் கீழ இருக்கு. படுத்தாத்தான் கண்ணுக்கு நேரா வரும்.”

மூன்று ஞாயிறு இப்படி டூட்டி நடந்தது. சார்ஜ் மீட்டர் எண்பது சதவீதத்தை விட்டு அசையவில்லை. எப்படி அசையும்? அலமாரிக்குப் பின்னால் அவர் ஒளித்து மாட்டிய ஒரு மெல்லிய ஒயர் பெட்டியிலிருந்து சுவர் பிளக்குக்குப் போய், இறங்க இறங்க ஏற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஞாயிறு கூட்டும்போது துடைப்பத்தில் ஒயர் சிக்கியது. மனைவி ஒயரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். குறட்டை மும்முரமாக டூட்டி பார்த்தது. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, பட்டறை முதலாளியம்மாவுக்குப் போன் போட்டாள்.

அரை மணியில் அந்த அம்மாள் வாசலில். பட்டறைக்காரர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

“மூணு வாரமா ஃபேன் ஓட்டியும் எண்பதுல நிக்குதா! இதையா பிரிச்சுப் போட இருந்தோம்?”

“அது வந்தும்மா...” என்று இழுத்தார். முதலாளியம்மாவின் முதுகுக்குப் பின்னால் மனைவி ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மீதி வார்த்தையை விழுங்கிவிட்டார்.

“பிரிக்க வச்சிருக்கிற நாப்பதையும் இதே மாதிரி சோதிக்கணும். கண்ணெடுக்காம பாக்க உங்களை விட்டா யாரு? ஆனா பட்டறையில வைக்க இடமில்லையே.”

“எங்க பரண் சும்மாதானே கிடக்கு,” என்றாள் மனைவி. “இன்னைக்கே அவரு சுத்தம் பண்ணிடுவாரு.”

“தங்கமான குடும்பம்!” என்று வண்டியை அனுப்பக் கிளம்பினாள் முதலாளியம்மா.

மனைவி ஏணியைச் சாத்தினாள். ஒட்டடைக் கோலைக் கையில் கொடுத்தாள்.

“நாப்பது பெட்டியா? நான் எங்கடி படுத்துப் பாக்குறது?”

“படுக்கவே வேண்டாங்க. இனிமே மீட்டர் மேல இருக்கும். ஏணியில நின்னாத்தான் கண்ணுக்கு நேரா வரும்.”