வேற ரூம் இருக்கா?

அறை மாற்றுபவர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வார இறுதியில் ஓய்வெடுக்க வருவார். வந்து, சாவியை வாங்கி, பெட்டியை வைத்து, குழாயைத் திறந்து மூடி, மெத்தையை உள்ளங்கையால் அமுக்கி, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, நேரே வரவேற்பு மேசைக்குத் திரும்புவார். கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"வேற ரூம் இருக்கா?"

நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாரம் முழுக்க, "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று லென்ஸ் மாற்றிப் போடுகிறவர். எதைப் போட்டாலும் முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் வந்தால் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். முதலில் போட்ட லென்ஸையே துடைத்துத் திரும்பப் போட்டு, "இது புதுசா வந்தது" என்பார். ஆளும் திருப்தியாகப் போய்விடுவார். இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் மனைவிக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

மனைவியின் ஆசை பெரிதொன்றுமில்லை. சின்ன ஊரில், ஆற்றங்கரையில், நாலைந்து அறைகளே உள்ள ஓர் அழகான ஹோட்டல். பால்கனியில் இரண்டு நாற்காலி. இவரோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு டீ. கடை திறந்த நாளிலிருந்து இருவரும் அப்படி உட்கார்ந்ததே இல்லை. ஒரு சனிக்கிழமை ஒருவழியாக அப்படியொரு ஹோட்டலுக்கு வந்தும் சேர்ந்தார்கள். முதல் அறையிலேயே பால்கனி இருந்தது, நாற்காலி இருந்தது. இவர்தான் நிற்கவில்லை. குறை கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

"ஆறு ரொம்பச் சத்தம் போடுது," என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த அறையில் வெயில். அதற்கடுத்ததில் வெளிச்சம் போதவில்லை. இன்னொன்றில் அமைதி அதிகமாம், காதை அடைக்கிறதாம். ஓய்வெடுக்க வந்த இடத்தில் இப்படியும் ஒரு புகார். சனிக்கிழமை இப்படியே கரைந்தது. பெட்டியைத் திறக்கவே இல்லை. மனைவிக்கு அழுகை வராத குறைதான்.

ஞாயிறு காலை வரவேற்புப் பெண் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் வந்தாள்.

"அக்கா, எல்லா ரூமும் காட்டியாச்சு. இனி என் மேசையைத்தான் குடுக்கணும்."

மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"முதல் ரூமையே குடும்மா. விரிப்பும் திரையும் மட்டும் வேற கலர்ல போடு. பின்பக்கப் படி வழியா கூட்டிட்டுப் போ. இப்பதான் புதுசா ரெடி பண்ணதுன்னு சொல்லு."

அப்படியே நடந்தது. அவர் மெத்தையை அமுக்கினார். மூக்கை உறிஞ்சினார். பால்கனிக்கு வந்து, மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாற்காலியில் சாய்ந்தார்.

"பாத்தியா? விடாம கேட்டாதான் நல்லதைக் கண்ணுல காட்டுவாங்க. ஆத்துச் சத்தத்தைக் கேளு, தாலாட்டு மாதிரி இருக்கு."

"ஆமாங்க."

டீ வந்தது. இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்தது சிரிப்பாகவும் வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கிற?"

"சும்மாதாங்க."

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன விடுமுறையில் நீங்கள் போராடி மாற்றி வாங்கினீர்களே, பிரமாதமான அறை, அங்கே உங்களோடு வந்தவரும் டீ குடிக்கும்போது காரணமில்லாமல் சிரித்தாரா? விரிப்பையும் திரைச்சீலையையும் மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் நீங்கள் முதலில் வேண்டாமென்ற அறையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.