சூடான எஞ்சினும் உயர்மட்டக் குழுவும்

உலகில் எத்தனையோ விசாரணைக் கமிஷன்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் உண்மையைக் கண்டறிவதில் எங்கள் வீட்டு ‘எஞ்சின் ஒலி ஆய்வு உயர்மட்டக் குழு’வை விஞ்ச ஒன்று இனிமேல்தான் பிறக்க வேண்டும். தலைவர் நான். உறுப்பினர் என் மச்சான். கார் வீடியோ பார்க்காமல் ஒரு கவளம் இறங்காது அவனுக்கு.

புகார்தாரர் என் மனைவி. நர்ஸ். விடியற்காலை ஷிப்டுக்கு எங்கள் கிழட்டுக் காரில் போகிறவள்.

“ஸ்டார்ட் பண்ணினதும் கடகடன்னு ஒரு சத்தம் வந்து அடங்குதுங்க. வழியில நின்னுட்டா, நைட் டியூட்டி பார்த்தவ எனக்காக வார்டுலயே கிடக்கணும். ஒருநாள் காலையில எழுந்து வந்து கேளுங்களேன்.”

விடியற்காலையில் கூடுவதற்குக் குழுவின் விதிகளில் இடமில்லை. அது தலைவர் தூங்கும் நேரம். எனவே மாலையில், அவள் வேலை முடிந்து வந்து காரை நிறுத்தியதும், எஞ்சினை அணைக்கவிடாமல், டீயுடன் கூடினோம். மச்சான் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடினான்.

“என்னடா கேக்குது?”

“தாலாட்டு மாதிரி இருக்கு அத்தான்.”

“சூடா இருக்குறப்ப வராதுடா!” என்றாள் மனைவி.

“நிபுணர்கள் பேசுறப்ப குறுக்க பேசாத அக்கா.”

மாலைதோறும் கூடினோம். மாலைதோறும் தாலாட்டு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: எஞ்சின் நலம்; கோளாறு புகார்தாரரின் காதில்தான். காது டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட்கூட நானே வாங்கினேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை.

போய்விட்டு வந்தவளிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. தீர்ப்பான வழக்கு அது.

மறுநாள் விடியலில் அவள் போன் செய்து எழுப்பினாள். வெறுங்காலோடு ஓடினேன். தெருமுனையில் கார் செத்துக் கிடந்தது. அவள் ஒரு பால் வேனை மறித்து, கேன்களுக்கு நடுவே ஏறிப் போய்விட்டிருந்தாள்.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். “டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் போயிடுச்சு சார். ராத்திரி ஆயில் இறங்கிடும். காலையில செயின் தொளதொளன்னு அடிக்கும். ஆயில் ஏறினா கப்சிப். இன்னிக்கு செயின் பல்லு தாண்டி, வால்வெல்லாம் வளைஞ்சு கிடக்கு. காலையில யாருமே சத்தத்தைக் கேக்கலையா?”

குழு கூட்டத்தைக் காலவரையின்றி ஒத்திவைத்தது.

மாலையில் அவள் நடந்து வந்தாள். டீயைத் தலைவரே போட்டுக் கொடுத்தார்.

“அந்த... காது டாக்டர் என்ன சொன்னார்?”

“என் காது நல்லா இருக்காம்.” ஒரு வாய் குடித்தாள். “உங்க குழுவைப் பத்தியும் முழுசா சொன்னேன். ‘அப்புறம் பேஷன்ட்டை வீட்டுல விட்டுட்டு நீங்க ஏம்மா வந்தீங்க?’ன்னு கேட்டார்.”