மது ஒழிப்பு மன்றம் கலர் பார்த்த கதை

மதுவைப் பேசி ஒழித்தவர்கள் உண்டு. மறியல் செய்து ஒழித்தவர்கள் உண்டு. ருசி பார்த்து ஒழிக்க முற்பட்ட ஒரே மாமனிதர், காஞ்சிபுரத்துப் பட்டு முதலாளியும் தெரு மது ஒழிப்பு மன்றத்தின் நிரந்தரத் தலைவருமான சபாபதி அவர்கள்தான். உலகம் இதை இன்னும் உணரவில்லை. உலகத்துக்கு எதுவுமே தாமதமாகத்தான் உறைக்கும்.

மன்றத்தின் விதி ஒன்றே ஒன்று. சபாபதியே இயற்றியது. தெருவில் மதுவோடு காணப்படுபவருக்கு அந்த ஆண்டு முருகன் கோயில் மரியாதை எதுவும் கிடையாது. அதில் முதலில் சிக்கியவர் சிவராஜ். கூலிக்கு நெய்பவர், பனைமர உயரம். சாமி புறப்பாட்டில் பல்லக்கின் முன்பக்கம் அவர் தோளில்தான் வரும். போன மாதம் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர் பாட்டிலோடு பிடிபட்டார். "இந்த வருசம் நீ தோள் கொடுக்க வேணாம்பா" என்று மன்றக் கூட்டத்தில் சபாபதி கண் கலங்கத் தீர்ப்புச் சொன்னார். கலங்கியது உண்மை. மன்றத்தைக் கறைபடாமல் காத்ததற்காக, வரும் ஞாயிற்றுக்கிழமைப் புறப்பாட்டில் சபாபதிக்கே பரிவட்டம் கட்டுவதென்றும் அதே கூட்டத்தில் முடிவாயிற்று. அவருடைய அப்பாவுக்குக் கடைசிவரை கிடைக்காத பரிவட்டம். அதை நினைத்து நினைத்தே அவருக்குத் தூக்கம் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகன் கதிர்வேல் ஒரு பாட்டிலோடு வந்து இறங்கினான்.

"இன்னாடா இது?"

"கிராஃப்ட் ஆம்பர் ஏல், மாமா."

"பீரா?"

"பீர்னு சொல்லாதீங்க மாமா. அது ஃபேக்டரி சரக்கு. இது கையால செய்றது. பாத்துப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா செய்றாங்க."

சபாபதி ஆடிப்போனார். கைத்தறிக்காக வாழ்நாளெல்லாம் விசைத்தறியைத் திட்டியவர் அவர். கையால் செய்ததை எப்படி எதிர்ப்பது? மது ஒழிப்புத் தலைவராக இருந்துகொண்டு அதை எப்படி ஆதரிப்பது? கொள்கையும் கொள்கையும் முட்டிக்கொண்டால் 'ஆய்வு' ஒன்றே வழி. செயலாளர் அப்பாதுரைக்கு ஆள் போயிற்று. அவர் உயரத்தில் சிறியவர், கடமையில் பெரியவர். சொந்த டம்ளரோடு வந்தார்.

புடவைக் கிடங்கில் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ட்யூப்லைட்டைப் போட்டு ஆய்வு தொடங்கியது.

"உடனே குடிக்கக் கூடாது மாமா. முதல்ல மோந்து பாருங்க. இன்னா வருது?"

"ஆரஞ்சுத் தோல் வாசனை வருதுபா" என்றார் அப்பாதுரை. "பின்னாலயே வேப்பம்பூ ரசம்."

"கரெக்ட். அது ஹாப்ஸ்னு ஒரு பூ. இப்ப வாயில வச்சு உருட்டுங்க."

சபாபதி உருட்டினார். "கசக்குதுபா."

"கசக்கணும் மாமா. கொஞ்சம் வெயிட் பண்ணா பின்னால இனிப்பு வரும்."

காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னொரு வாய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். இனிப்பு வந்துவிட்டதாக அப்பாதுரை முன்மொழிய, சபாபதி வழிமொழிந்தார். மன்ற வரலாற்றில் இவ்வளவு பொறுப்போடு ஒரு பொருள் விவாதிக்கப்பட்டதே இல்லை.

"இப்ப கலரப் பாருங்க. இதுக்குப் பேருதான் ஆம்பர்."

"தேன் கலருபா இது" என்றார் அப்பாதுரை.

"போப்பா. வெங்காயச் சருகுக் கலரு" என்றார் சபாபதி.

"தேன் கலருதாண்ணா."

"ட்யூப்லைட்டுல கலர் சொல்றவன் பட்டுக்காரனாபா?"

சரியான கேள்வி. பட்டுத் தெருவில் எந்தக் கலரும் விளக்கடியில் முடிவாவதில்லை. நூலோ புடவையோ, வெளியே எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. ஆயுள் பழக்கம் சபாபதியின் காலில் இருந்தது. கால் மூளையைக் கேட்கவில்லை. கிளாஸைத் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்து, நடுத்தெருவுக்கு வந்து, பட்டப்பகல் வெயிலில் உயர்த்திப் பிடித்தார்.

"இப்ப சொல்லுபா. வெங்காயச் சருகா, இல்லயா?"

கலர் தகராறு என்றால் இந்தத் தெரு சோற்றை விட்டுவிட்டு வரும். வந்தது. சந்தனத்தில் அரக்கு விழுந்த கலர் என்றார் ஒருவர். பச்சை பார்டர் போட்டால் தூக்கலாக இருக்கும் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுக் கமலவேணி ஒரு பட்டு நூல் கழியைக் கொண்டுவந்து கிளாஸோடு ஒட்டிப் பிடித்தாள். பிடித்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னாண்ணா, கலரு நுரைச்சுக்கினு இருக்குது?"

எல்லார் தலைக்கும் மேலே சிவராஜின் முகம் தெரிந்தது.

தெரு இருந்தது, மது இருந்தது, காணப்படுபவரும் இருந்தார். சபாபதி எழுதிய விதி அவருக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பரிவட்டம் கண்ணெதிரே அவிழ்ந்து விழுந்தது. வாழ்க்கையில் அவர் இவ்வளவு பயந்ததில்லை.

நல்லவேளை, மன்றத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். நின்ற இடத்திலேயே 'அவசரப் பொதுக்குழு' கூடியதாக அப்பாதுரை அறிவித்தார்.

"மறைச்சுக் குடிச்சா அது குடி. வாசனை சொல்லி, கலர் சொல்லி, வெளிச்சத்துல நாலு பேருக்குக் காட்டினா அது ஆய்வு." ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, "தீர்மானம் நிறைவேறிச்சுபா" என்றார்.

சிவராஜ் முன்னால் வந்தார். "அப்ப என்னையும் சேத்துக்கங்கண்ணா. ஞாயித்துக்கிழமை தோள் கொடுக்கணும். எங்கப்பா கொடுத்த இடம் அது."

சபாபதி பரிவோடு கேட்டார். "நீ குடிச்சியே, அதுல இன்னா வாசனை வந்தது?"

சிவராஜ் யோசித்தார். "அன்னிக்கு இழை அறுந்துக்கினே இருந்தது. கூலி இல்லன்னுட்டாங்க. வாசனை பாக்கலண்ணா."

"பாத்தியா. அது குடிபா" என்றார் சபாபதி, நிஜமான வருத்தத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை சபாபதிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். சிவராஜின் இடத்தில் அப்பாதுரை தோள் கொடுத்தார். தோள் எட்டவில்லை. பல்லக்கு அவர் பக்கம் சாயும்; மற்றவர்கள் பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். அப்படியே தெருக்கோடி வரை போயிற்று. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சிவராஜ் ஓரமாக நேராக நின்று கும்பிட்டார். பரிவட்டம் கலையாமல் சபாபதி முன்னால் நேராக நடந்தார்.

மன்றத்தின் சாதனைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. குடித்துவிட்டுத் தள்ளாடியவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. குடிக்காமல் தள்ளாடியவர் முருகன் ஒருவர்தான்.