வட்ட மேஜை வகுப்பு

"நீ என்னப்பா செய்யறே?" என்று கேட்டார் இயற்பியல் பேராசிரியர்.

"குழுவா வேலை செய்யறேன் சார்," என்றான் கைகட்டி உட்கார்ந்திருந்த மாணவன்.

அவன் மேஜையில் ஐந்து பேர். கண்ணாடி போட்ட ஒரு பெண் அளந்து, எழுதி, கணக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற நால்வரும் அவள் வேலை செய்வதை ஒற்றுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மேஜையிலும் இதே கதைதான், கும்பலில் கோவிந்தா.

இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தியவர் அவர். நன்றாகவே நடத்துவார். அதைத் தவிர வாழ்க்கையில் அவருக்கு வேறு எதுவும் பெரிதாகப் பிடித்ததில்லை. இந்த வருஷம் கல்லூரி அந்தக் கரும்பலகையைக் கழற்றிவிட்டு வட்ட மேஜைகளைப் போட்டது. இனி ஆசிரியர் பேசுவதைக் குறைக்க வேண்டும், மாணவர்கள் குழுவாகச் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

அன்று மாலையே முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை வெளியேருந்து ஒரு மதிப்பீட்டாளர் வராங்க. உங்க வகுப்பைத்தான் பாக்கப் போறாங்க. குழு வேலை சரியா நடக்கலேன்னா, முதலாம் ஆண்டு வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க தேர்வுப் பிரிவுல கால அட்டவணை போடலாம்."

பேராசிரியர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார்.

"ஆளுக்கொரு பொறுப்பு குடுங்க," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"நல்ல யோசனை! ஒருத்தர் தலைவர், ஒருத்தர் எழுதறவர், ஒருத்தர் கேள்வி கேக்கறவர், ஒருத்தர் அளக்கறவர், ஒருத்தர் நேரம் பாக்கறவர்."

"அதென்ன நேரம் பாக்கறவர்?"

"வேலை எப்போ முடியும்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"ஓ, இந்த வீட்டுல நீங்க செய்யற வேலை," என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை மேஜைக்கு ஒரு கண்ணாடித் தம்ளர் வந்தது. விளிம்பு வரை தண்ணீர், அதில் மிதக்கும் பனிக்கட்டி. பனிக்கட்டி முழுதும் உருகினால் தண்ணீர் வழியுமா, வழியாதா? இதுதான் கேள்வி.

"விடை என்னம்மா?" என்று கண்ணாடிப் பெண்ணைக் கேட்டார்.

"தெரியும் சார். ஆனா நான் கேள்வி மட்டும்தான் கேக்கணும்."

"தெரிஞ்சா சொல்லேன்!"

"அது தலைவரோட வேலை சார்."

தலைவன் எழுதுபவனைப் பார்த்தான். எழுதுபவன், யாராவது ஏதாவது சொன்னால் எழுதலாம் என்று பேனாவோடு காத்திருந்தான். நேரம் பார்ப்பவர்கள் ஆறு பேர் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுத்துத் தங்கள் கடமையை ஆற்றினார்கள். யாரும் எதுவும் கண்டுபிடிக்காமலே மணி அடித்தது.

புதன்கிழமை பொறுப்புகளை ரத்து செய்தார். மேஜைக்கு ஒரே விடை, அதை எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் என்றார். ஐந்து நிமிஷத்தில் முதல் மேஜை கையைத் தூக்கியது.

"வழியும் சார். ஓட்டெடுத்துட்டோம். நாலுக்கு ஒண்ணு."

"பனிக்கட்டி இன்னும் பாதிகூட உருகலையேப்பா. உருகட்டும், பாத்துட்டுச் சொல்லுங்க!"

"முடிவு எடுத்தாச்சு சார்."

பேராசிரியர் கண்ணாடிப் பெண்ணிடம் திரும்பினார். "உனக்குத்தான் சரியான விடை தெரியுமே?"

"தெரியும் சார். ஒற்றுமைக்காக விட்டுக்குடுத்துட்டேன்."

இரண்டாவது மேஜை நான்காவதோடு கூட்டணி வைத்தது. வகுப்பு முடிவதற்குள் ஆறு மேஜையும் 'வழியும்' கட்சியில் சேர்ந்துவிட்டன. தம்ளர்களில் பனிக்கட்டி உருகி முடிந்து, ஒரு சொட்டுகூட வழியாமல் தண்ணீர் நின்றது. அதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவருக்குப் பொறுமை போயிற்று. ஐம்பது நிமிஷம் நின்று, மிதக்கும் பனிக்கட்டி ஏன் தண்ணீரை வழியவிடாது என்று தானே விளக்கித் தள்ளினார். வகுப்பு அசையாமல் கேட்டது. அவருக்கும் பழைய சுகம் திரும்பியது. திரும்பிப் பார்த்தால் வாசலில் முதல்வர்.

"நாளைக்கும் இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கு ஒருத்தங்க பாக்க வராங்க. அவங்களுக்குத் திருப்தியா இல்லேன்னா, அடுத்த வாரத்துலேருந்து இந்த வகுப்பு எனக்கு இல்ல. பரவாயில்ல, உங்களுக்குப் பாடம் புரிஞ்சாப் போதும்."

மணி அடித்தும் முப்பது பேரும் எழுந்து போகவில்லை. ஆய்வுக்கூட அட்டெண்டர் மட்டும் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர் அம்மாள் வந்து மூலையில் உட்கார்ந்தார். பேராசிரியர் அதே பனிக்கட்டிக் கேள்வியை மட்டும் சொல்லிவிட்டு, சுவரோரம் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

என்ன அதிசயம்! ஒவ்வொரு மேஜையிலும் ஐந்து பேரும் குனிந்து தம்ளரைப் பார்த்தார்கள். ஒருவன் சொன்னதை ஒருத்தி மறுத்தாள், மரியாதையாக. கைகட்டி உட்கார்ந்திருந்தவன் இன்று அளவுகோலும் கையுமாக இருந்தான்.

"வழியுது! தம்ளருக்கு வெளியே பாரு, ஈரமா இருக்கு," என்றான் மூன்றாவது மேஜையில் ஒருவன்.

"அவசரப்படாதே. அது காத்துல இருந்த ஈரம், ஜில்லுனு இருக்கற தம்ளர்ல படிஞ்சிருக்கு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எப்படித் தெரியும்?"

"வெளிப்பக்கத்தைத் தொடச்சிட்டு மறுபடியும் பாப்போம்."

துடைத்தார்கள். பார்த்தார்கள். விளிம்பிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. "நான் சொன்னது தப்பு," என்று முதல் ஆள் ஒப்புக்கொண்டான். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தனையோ கல்லூரி பாத்திருக்கேன்," என்றார் மதிப்பீட்டாளர், போகும்போது. "அந்த மூணாவது மேஜை மாதிரி பாத்ததில்ல. தப்பு பண்ணி, தானே கண்டுபிடிச்சு, தானே திருத்திக்கிட்டாங்க. இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது சார்." முதல்வர் பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காலியான வகுப்பில் அட்டெண்டர் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியருக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"பாத்தீங்களா? நான் வாயே திறக்கல. எல்லாம் தானா நடந்தது!"

"நேத்து சாயங்காலம் ஒத்திகையில உங்க எடத்துல நான்தான் சார் நின்னேன்," என்றார் அட்டெண்டர். "அந்த மூணாவது மேஜையைத் தப்பு பண்ண வைக்கறதுக்குள்ளதான் உயிர் போயிடுச்சு, எத்தனை தடவை செஞ்சாலும் சரியாவே சொல்லிட்டிருந்தாங்க."