கைகளை மேலே தூக்குங்கள்

மனித குலத்தை மேலே தூக்கிவிடப் பிறந்த இசைஞர் என்று ஓர் இனம் உண்டு. இனத்துக்கு இனம் வெட்டிக்கொண்ட நாட்டில், யாரையும் வெட்டாமல், யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காமல், கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த இனம் அது. கண்டி மாநகரசபைக் கிளார்க் சேதுராமனைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

யுத்தம் உச்சத்தில் இருந்த ஆண்டு. சேதுராமன் கொம்பியூட்டரும் ஹெட்போனுமாக ட்ரான்ஸ் என்கிற மின்னணு நடன இசை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு முறை முரசு 'தும் தும்' என்று அடிக்கும். நடுவில் அது நின்று, வயலின் கூட்டம்போல் ஓர் ஒலி மேகமாகப் பரவும். பிறகு, போர்த்தி மூடியதுபோல் இருந்த சத்தம் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து, காற்று இரைந்து, சிறு மேளத்தின் உருட்டல் வேகம்பிடித்து, முரசு மறுபடி இறங்கும் கணத்தில் கேட்பவர்கள் கைகளை மேலே தூக்க வேண்டும். அதற்குப் பெயர் எழுச்சி. அந்த முரசு இறங்கும் இடம் மட்டும் சரியாக வரவில்லை. நாட்டில் அவருக்குத் தெரிந்த பிரச்சினை அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனைவி சீதா ஓடி வந்தார்.

"ஏங்க, நம்ம யோகராஜை கடுகண்ணாவ செக்பொயிண்டுல பஸ்ஸ நிப்பாட்டி எறக்கிட்டாங்களாம். பொலிஸ்ல வச்சிருக்காங்களாம். வாங்க, போவோம்!"

யோகராஜ் சீதாவின் ஒரே தம்பி. சேதுராமன் ஒரு காதை மட்டும் விடுவித்தார்.

"அழாத சீதா. சோகத்துலேர்ந்துதான் எழுச்சியே வருது. இந்த எடத்தக் கேளேன்."

சீதா கேட்டாரா? பக்கத்து வீட்டு பாரூக்கின் வேனில் ஏறிப் போய்விட்டார். பாரூக் பொலிஸாரிடம் சிங்களத்தில் கெஞ்சினார். யோகராஜ் வேலைசெய்யும் கடை முதலாளியைப் போனில் பிடித்துப் பேசவைத்தார். பொழுதுசாய ஆளை மீட்டு வந்தார்கள். சட்டையில் பொத்தான் இல்லை. ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

சேதுராமன் வாசலுக்கே ஓடிவந்தார். பாசம் என்று நினைத்தீர்களா? ஹெட்போனை மச்சினன் தலையில் மாட்டினார்.

"முடிச்சிட்டேன்டா! இந்தா வருது... இப்ப ரெண்டு கையையும் மேல தூக்கணும்!"

"காலையிலேர்ந்து தூக்கிட்டுத்தான் நின்னேன் அத்தான்," என்றான் யோகராஜ். "கொஞ்சம் எறக்கிக்கிறேனே."

சீதா தம்பியைக் கூட்டிக்கொண்டு ஹந்தானையிலிருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டார். சேதுராமனுக்கு வருத்தம்தான்: முரசு இறங்குமுன்பே ஹெட்போனைக் கழற்றிவிட்டானே!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் இசை செய்பவர் அல்ல. கவிதை, சமாதானக் கூட்டம், பத்திரிகை என்று உங்கள் வழி வேறாக இருக்கலாம். அது போகட்டும். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளேயிருந்து உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்களே, யார் அது?