முடியாதுங்க சாரும் அழிக்க வேண்டிய டிஸ்க்கும்

சேலத்தில் இதுவரை பிறந்தவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் 'முடியாதுங்க' என்ற சொல்லை எங்கள் சாரைப்போல் சொன்னவர் கிடையாது. கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை அவருக்கு. பில், மருந்து, ஸ்கேன் எல்லாம் ஒரே பெரிய ஸ்டோரேஜில் தனித்தனி டிஸ்க்காக இருக்கும். எந்த சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று திறந்துவிடுவதும் மூடுவதும் அவர் வேலை. தப்பான சர்வர் உள்ளே போய் எழுதிவிட்டால் நோயாளியின் ஸ்கேன் அம்போ.

"ஒரு நாளைக்கு மட்டும் பில்லிங் சர்வருக்கு ஸ்கேன் டிஸ்க்கைத் திறந்து விடுங்க சார்" என்று மேனேஜரே வந்து கெஞ்சினார்.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு மட்டும்னு பக்கத்து ஊட்டுக்காரனுக்கு உங்க பீரோ சாவியக் குடுப்பீங்களா?"

மேனேஜர் வந்த வழியே போனார்.

வெண்ணந்தூரில் அவர் வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி கதவைத் தட்டினால் "யாருங்க?" என்பார். "உங்க பொண்டாட்டிதானுங்க." "என்ன சோலியா வந்தீங்க?" அந்த அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இதயம் பழுதாகி, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அந்த அம்மா இறந்துபோனார்.

அடுத்த வருஷம், பழைய இதய ஸ்கேன் டிஸ்க்கை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த அம்மாவின் இதயம் துடிக்கிற வீடியோவும் அதில்தான் இருந்தது.

"ஒரு காப்பி எடுத்துக்குங்க சார், யாரு கேக்கப்போறா?" என்றேன்.

"நான் திறந்து மூடறவன்தானுங்க. உள்ள இருக்கறதைப் பாக்க எனக்கு உரிமை இல்லீங்க."

அழிக்க வேண்டிய நாள் காலையிலேயே அந்த டிஸ்க்கை எல்லா சர்வருக்கும் மூடிவிட்டார். இவரெல்லாம் மனுஷனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் கீழே போனால், நோயாளிகளுக்கு ஸ்கேன் காப்பி தரும் ரெக்கார்டு கவுண்டர் வரிசையில் சார் டோக்கனோடு நிற்கிறார், நோயாளியின் கணவராக.

"அந்த டிஸ்க்கே தெரியலீங்க. மேல யாரோ மூடிட்டாங்களாமுங்க" என்றாள் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

"அந்தாளு அப்படித்தானுங்க" என்றார் சார், தலையைக் குனிந்தபடி.

நான் ஓடிப்போய் காப்பி தரலாம் என்று இதய டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் கவுண்டரின் சர்வர் ஒன்றுக்கு மட்டும் திறந்துவிட்டார். வீடியோவைப் பதிந்த சி.டி. கைக்கு வந்ததும் மூடினார். பிறகு தன் கையாலேயே டிஸ்க்கை அழித்தார்.

சாயங்காலம் என் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டோம். சாம்பல் நிறத்தில் இதயம் சுருங்கி விரிந்தது. சில நொடிகளில் நின்றுவிட்டது.

"சாமி, இன்னொருக்கா போடுங்க" என்றார்.

நிற்காமல் ஓடும்படி வைத்தேன். நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு வெளியே வந்து, யாரையும் உள்ளே விடாமல் கதவில் சாய்ந்து நின்றேன்.